மூடின கம்பெனிக்கு ஒரு மேனேஜர்

அத்தியாயம் 14

"இன்னாடி இது, ஆளுக்கு ஒரே ஒரு மைசூர்பாக்கு? ரெண்டு வருஷம் எங்கள எல்லாம் வேண்டிக்க வெச்சுட்டு, இவ்ளோதானா?"

பார்வதம்மா டப்பாவுக்குள் கையை விட்டு இன்னும் இரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பார்வதக்கா, நீங்க மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க. எனக்காக எப்ப ஜெபம் பண்ணீங்க?" என்று சிரித்தாள் பெல்லா என்கிற இசபெல்லா.

"நீ பண்ண ஜெபத்துக்கெல்லாம் ஆமென் போட்டது யாரு? நான்தானே? அதுக்குக் கூலி இது."

பெட்டி முழுக்கச் சிரித்தது. கோலார் தங்கச் சுரங்கத்து சாம்பியன் ரீப்ஸில் ஏறி பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டிக்கு என்று ஒரு சட்டம் உண்டு. யார் வீட்டில் வேலை கிடைத்தாலும் மறுநாள் பெட்டிக்கு ஸ்வீட் வரவேண்டும். யாருக்காவது வேலை போய்விட்டால் அவளாக வாயைத் திறக்கும்வரை ஒருத்தியும் ஏன் என்று கேட்கக்கூடாது. இரண்டையும் யாரும் எழுதி வைக்கவில்லை. மீறினவளும் இல்லை.

பெல்லாவின் மகள் ஜெனிட்டாவுக்கு வேலை கிடைத்த செய்தி வந்து வீடே அழுததைத்தான் போன வாரம் பார்த்தோம். பி.காம். முடித்து இரண்டு வருடம் அந்தப் பெண் ஏறாத படி இல்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் மேல் வரியில் 'புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று இருக்கும். கீழ் வரியில் 'குறைந்தது இரண்டு வருட அனுபவம்' என்று இருக்கும்.

"மம்மி, இவங்களுக்கு இன்னிக்குப் புடிச்ச மீனு வேணுமாம். ஆனா அது ரெண்டு வருஷம் ஐஸ்ல இருந்திருக்கணுமாம்" என்று ஒருநாள் ஜெனிட்டா சொன்னபோது பெல்லா சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஜெனிட்டா வேலையில் சேருகிறாள். நாளை ஞாயிறு ஆராதனையில் நன்றி ஸ்தோத்திரத்தில் வாசிக்கச் சொல்லி அவள் அப்பா டென்சில், பாஸ்டரிடம் பெயர் கொடுத்தாயிற்று. பெட்டியின் கடைசி மூலையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த சுனிதாவை எழுப்பி, அவள் கையிலும் ஒரு மைசூர்பாக்கைத் திணித்தாள் பெல்லா. சுனிதா பக்கத்து பாலகாட் சுரங்க லைன் பொண்ணு. பெல்லாவின் ஆபீஸ்தான். வயதில் பெல்லாவைவிடப் பதினைந்து வருடம் சின்னவள், பதவியில் அவளுக்கு மேலே.

"கங்கிராட்ஸ் அக்கா" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள் சுனிதா.

*

பெல்லாவின் வேலை போன் பேசுவது. வேலைக்கு ஆள் எடுக்கிற பெரிய கம்பெனிகள், சேரப்போகிறவர் சொன்னதெல்லாம் நிஜமா என்று விசாரித்துச் சொல்ல வெளியே ஒரு ஆபீஸிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு ஆபீஸ் அது. இன்னார் உங்களிடம் வேலை பார்த்தது உண்மையா, எப்படிப்பட்டவர், ஏன் விட்டார் என்று பழைய முதலாளிக்கு போன் போட்டுக் கேட்கவேண்டும். சரியாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தவருக்கு அந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, நாலு இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும்.

தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நாலும் வாயில் வரும் என்பதால் கோலார், பங்காரப்பேட்டை, வேலூர்ப் பக்கத்து நம்பரெல்லாம் பெல்லாவின் மேசைக்குத்தான் வரும்.

சனிக்கிழமை அரை நாள். மூன்று பேரை முடித்துவிட்டாள். நாலாவதைத் திறந்தாள்.

டி. ஜெனிட்டா.

'அட, நம்ம பொண்ணு பேரு' என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் போட்டோ மெல்ல மெல்லத் தெளிந்தது. போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சுடிதார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

முந்தைய வேலை: கணக்கு உதவியாளர். அனுபவம்: இரண்டு வருடம். கம்பெனி: கோல்டன் ஹோப் டிரேடர்ஸ், மார்க்கெட் தெரு, ஆண்டர்சன்பேட்டை.

பெல்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். எழுத்து மாறவில்லை.

மார்க்கெட் தெருவில் அந்தக் கதவு எண்ணில் அப்படி ஒரு கம்பெனி கிடையாது. அங்கே இருப்பது டென்சில் ஜெராக்ஸ். அவள் புருஷனின் கடை.

சொந்தக்காரர் பெயர் வந்தால் உடனே எழுந்து போய் மேலதிகாரியிடம் சொல்லவேண்டும், போனைத் தொடக்கூடாது. அதுதான் ஆபீஸ் ரூல். பெல்லாவுக்கு அது மனப்பாடம். ஆனால் அந்த நிமிடம் அவள் புத்தி எங்கோ நின்றுவிட்டது, பழகின கைதான் ஓடியது. ஃபைலில் இருந்தது அவளுக்குத் தெரியாத நம்பர். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று மெஷின் குரல் மூன்று பாஷையில் சொல்லி முடித்தது.

"யெஸ். கோல்டன் ஹோப் டிரேடர்ஸ். மேனேஜர் ஸ்பீக்கிங்."

பெல்லாவின் கை ஹெட்போனின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

காலையில் இவள் தலைவலிக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்த குரல். இருபத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட குரல். அது இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிறது!

"வணக்கம் சார். ஊழியர் விசாரணைக்காகக் கூப்பிடறோம்" என்றாள். மனப்பாடம் செய்த வரி, தானாக வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் கிர்ர்... டக், கிர்ர்... டக் என்றது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். டென்சிலுக்குப் பொய் சொல்லுமுன் தொண்டை செருமும் பழக்கம் உண்டு. இவள் குரலை அவரும் கண்டுகொண்டார்.

'ராங் நம்பர்னு சொல்லிட்டு வெச்சிடுங்க. வெச்சிடுங்க சாமி' என்று பெல்லா உள்ளுக்குள் கெஞ்சினாள். ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. அவளால் 'இன்னாங்க இது' என்று ஒரு வார்த்தை கேட்க முடியாது.

அவர் வைக்கவில்லை.

"கேளுங்க மேடம்."

கல்யாணமாகி முதல் தடவையாக அவர் வாயில் மேடம்!

"டி. ஜெனிட்டாங்கறவங்க உங்ககிட்ட வேலை பாத்தாங்களா சார்?"

"பாத்தாங்க மேடம். ரெண்டு வருஷமா."

"இன்ன... என்ன வேலை சார்?"

"கணக்கு. பில்லு போடறது. ஜி.எஸ்.டி. போடறது. இந்தத் தெருல இருக்கற கடைங்களுக்கெல்லாம் அவதான்... அவங்கதான் போடுவாங்க."

"நடத்தை எப்படி?"

"தங்கமான பொண்ணு மேடம். காய்ச்சலோட கூட வந்து உக்காந்திருக்கு."

டெங்கு என்று டாக்டர் சொன்ன வாரம்கூட அந்தப் பெண் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். அதில் பொய்யே இல்லை.

"மறுபடி வந்தா வேலைக்கு எடுத்துக்குவீங்களா சார்?"

"எப்ப வேணா வரட்டும். அவ கடை அது."

கடை! பெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். போனில் அவருக்குப் பின்னாலிருந்து, அந்த நேரம் பார்த்து, "டாடி, இது ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி.

"வேலையை ஏன் விட்டாங்க சார்?"

மறுபடி செருமல். பதில் யோசித்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. கிர்ர்... டக்.

"கம்பெனி மூடிட்டாங்க மேடம்."

பெல்லாவின் வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"மூடிட்டாங்களா? அப்போ நீங்க யாரு சார் பேசறது?"

"மேனேஜர்."

"மூடின கம்பெனிக்கு மேனேஜரா?"

டொக். வைத்துவிட்டார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் சில நேரம் அழுகைக்குப் பதில் சிரிப்பு வருமே, அந்தமாதிரி வந்தது அவளுக்கு. வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படிச் சொல்வானா? மேல்படிப்பு என்றிருப்பான், தூரம் என்றிருப்பான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றிருப்பான். தங்கச் சுரங்கத்தில் பிறந்து வளர்ந்த இந்த மனுஷனுக்கு, ஒருத்தர் வேலையை விட்டு நிற்க உலகத்தில் ஒரே காரணம்தான் தெரியும். கம்பெனி மூடிட்டாங்க.

அப்புறம்தான் ஆபீஸ் ரூல் ஞாபகத்துக்கு வந்தது.

*

"சுனிதா... மேடம். ஒரு நிமிஷம்."

"இன்னா அக்கா, மேடம் கீடம்னு? முகம் ஏன் இப்படி வெளுத்துக் கீது?"

"எனக்கு ஒரு ஃபைல் வந்துச்சு. அது எம் பொண்ணோடது. என்கிட்ட இருந்து எடுத்துடு."

சுனிதா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே திரையைப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"காலைல மைசூர்பாக்கு இதுக்குத்தானா?"

"ம்."

"ரெண்டு வருஷ அனுபவமா? ரெண்டு வருஷமா பொண்ணு வீட்ல கீதுன்னு பெட்டில நீங்கதானே அழுதீங்க?"

பெல்லா திரையிலிருந்த நீலச் சுடிதாரையே பார்த்தாள்.

"சரி, விடுங்க. நல்லவேளை, கூப்பிடறதுக்கு முன்னாடி வந்து சொன்னீங்க."

"கூப்பிட்டுட்டேன்."

சுனிதாவின் கை மௌஸின் மேல் நின்றது.

"அக்கா! இன்னா அக்கா பண்ணிட்டீங்க? பொண்ணு பேரப் பாத்த உடனே எழுந்து வர வேணாமா? பத்து வருஷ சர்வீஸ் உங்களுக்கு. இதுக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"யாரு பேசினாங்க?"

"மேனேஜர்னு சொன்னாரு."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதிருப்பாயாக என்று பாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறவள் பெல்லா. தலையை ஆட்டினாள். ஆமா என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சுனிதா ஃபைலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி. ரெக்கார்டிங்க நான் கேக்கறேன். ஃபைல முடிவு சொல்லாம ஹோல்டுல போடறேன். திங்கட்கிழமை காலைல நானே நேர்ல போய் அந்த கம்பெனியப் பாத்துட்டு வர்றேன். ஆண்டர்சன்பேட்டைதானே, நமக்கு எவ்ளோ தூரம்? நீங்க கெளம்புங்க அக்கா. இனிமே இந்த ஃபைலப் பத்தி உங்க கிட்ட நான் பேச மாட்டேன், நீங்களும் என்கிட்ட பேசக் கூடாது."

திரும்புகிற ரயிலில் பெல்லா காலி ஸ்வீட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுனிதா கண்ணில் படவில்லை. டென்சிலிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். அவள் எடுக்கவேயில்லை.

*

ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மார்க்கெட் தெருவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. 'டென்சில் ஜெராக்ஸ்' என்ற போர்டில் பாதி எழுத்து தூசியில் முங்கிக் கிடந்தது.

"மம்மி! சீக்கிரம் வந்துட்டே? ஸ்வீட்டெல்லாம் காலியா?"

ஜெனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஹார்டுவேர் கடை காத்தவராயனின் பில்லுக்கட்டு பக்கத்தில் பிரிந்து கிடந்தது. காதுக்குப் பின்னால் பேனா. ஒரு கையில் பில், இன்னொரு கை கீபோர்டில். பார்க்காமலே ஓடியது.

டென்சில் உள்மூலையில் பெரிய பிரிண்டர் பக்கத்தில் நின்றிருந்தார். பெல்லாவைப் பார்த்ததும் இரண்டு அடி நகர்ந்து பிரிண்டரை மறைத்துக்கொண்டார்.

"நகருங்க" என்றாள் பெல்லா.

"பெல்லா, நான் சொல்றதக் கேளு..."

"நகருங்க மேனேஜர் சார்."

அவர் நகர்ந்தார். பெரிய தாள் ஒன்று வெளியே வந்து கிடந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பில் 'கோல்டன்'. இரண்டாவது தாளில் 'ஹோப்' பாதி வந்துகொண்டிருந்தது.

"இது இன்னா?"

"போர்டு. நாலு தாள் ஒட்டினா ஒரு போர்டு. யாராச்சும் நேர்ல பாக்க வந்தா..."

"டாடி, எதுக்கு போர்டு?" ஜெனிட்டா எழுந்துவிட்டாள். "மம்மி, நீ எதுக்கு மேனேஜர் சார்னு கூப்பிடறே? உனக்கு எப்படி...?"

"ஏன்னா இன்னிக்கு அந்த மேனேஜருக்கு போன் போட்டது நான்டி. உன் ஃபைலு என் மேசைக்குத்தான் வந்துச்சு."

காதுக்குப் பின்னால் இருந்த பேனா கீழே விழுந்தது. ஜெனிட்டா அதை எடுக்கவில்லை.

"நீயா? நீ... எனக்கா?"

"நானேதான். உங்க டாடிய நிக்க வெச்சு கேள்வி கேட்டேன். ஏன் வேலைய விட்டாங்கன்னு கேட்டேன். இன்னா சொன்னாரு கேளு. கம்பெனி மூடிட்டாங்களாம்!"

"டாடி!"

"வேற இன்னாம்மா சொல்லுவேன்? டக்குனு அதான் வந்துச்சு."

"இல்லாத கம்பெனிய மூட வேற மூடிட்டீங்க" என்றாள் பெல்லா. "ஏங்க, எதுக்குங்க இப்படி? நான் பொழுதுக்கும் போன்ல இந்த மாதிரி பொய்யத்தான் புடிச்சிகினு இருக்கேன்னு தெரியும்ல உங்களுக்கு?"

டென்சில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பெங்களூர்ல உன் ஆபீஸ் மாதிரி ஆயிரம் ஆபீஸ். உன் கைக்கே வரும்னு எவனுக்குத் தெரியும்? ஆண்டர்சன்பேட்டைன்னு போட்டதுதான் தப்பாப் போச்சு. பெங்களூர்னு போடச் சொன்னா. எனக்குத்தான் அவ்ளோ பொய் வரல."

"யாரு சொன்னா?"

அவர் கண் கம்ப்யூட்டர் பக்கம் போனது.

"நான்தான் மம்மி" என்றாள் ஜெனிட்டா.

பெல்லா திரும்பினாள்.

"கோல்டன் ஹோப் நான் வெச்ச பேரு. டாடி வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் புதுசா சிம்மு வாங்கி அவரு கைல குடுத்தேன்."

"ஏன்டி? நீ இங்க ரெண்டு வருஷமா வேலைதானே பாத்துகினு இருக்கே? கடை பேரப் போட வேண்டியதுதானே?"

"போட்டேன் மம்மி! மொத மூணு இண்டர்வியூல போட்டேன். ஒயிட்ஃபீல்டுல ஒருத்தன் படிச்சிட்டுப் பக்கத்துல இருக்கறவங்கிட்ட காட்டினான். ஜெராக்ஸ் கடைல இன்னா எக்ஸ்பீரியன்ஸ், பேப்பர் வெக்கறதான்னு கேட்டான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் அவங்களோட சேந்து சிரிச்சேன் மம்மி. டாடி பேரு மேல இருந்துச்சு அந்தத் தாள்ல. நானும் சிரிச்சேன்."

டென்சில் குனிந்து மகளின் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். இது அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது என்பது அவர் அதை வைத்த விதத்தில் தெரிந்தது.

"என்னையும் பாத்து சிரிச்சாங்கம்மா" என்றார் மெல்ல. "சுரங்கம் மூடினப்புறம் பெங்களூர் போனேன். இன்னா அனுபவம்னு கேட்டான். நாலு வருஷம் அண்டர்கிரவுண்ட்னேன். மேல வந்து நாலு வருஷம் ஆனதும் வாப்பான்னு அனுப்பிட்டான். அனுபவம் இருந்தாலும் சிரிப்பான், இல்லாட்டியும் சிரிப்பான்."

பெல்லா சுவரோரம் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஐயோ. அட கடவுளே. சின்னக் கடைன்னா தப்பில்லடி! நான் தெனமும் யாருக்கு போன் போடறேன்னு நெனச்சே? மளிகைக் கடை, லாரி ஆபீஸ், டைலர் கடை. வேலை பாத்தவரு கணக்கு எழுதின பில்லு ரெண்டு காட்டினா, கடைக்காரர் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, பச்சை போட்டு அனுப்பிடுவோம். சொந்த அப்பா கடைன்னா அதையும் சொல்லிட்டா போதும். டென்சில் ஜெராக்ஸ்னு இருந்திருந்தா எந்த மேசைக்குப் போனாலும் பச்சைதான்டி. எந்த மேசைக்குப் போனாலும்!"

ஜெனிட்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இத ஏன் மம்மி ஒருநாள்கூட நீ எங்ககிட்ட சொல்லல?"

"வீட்ல ஆபீஸ் விஷயம் பேசக் கூடாதுன்னு ரூலு..." என்று ஆரம்பித்த பெல்லா, முடிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டாள். பத்து வருடம் அந்த ரூலைத் தாண்டாமல் நல்ல பெயர் வாங்கினாள். இரண்டு வருடம் இந்தப் பெண் ராத்திரியில் போனை வைத்துக்கொண்டு விளம்பரம் விளம்பரமாகத் தேடியபோது பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய்தான் தேய்த்துவிட்டாள்.

"திங்கட்கிழமை நேர்ல வர்றாங்க" என்றாள் கடைசியில். "சுனிதா வர்றா."

டென்சில் சட்டென்று எழுந்தார். "அப்போ டைம் கீது. ரெண்டு தாள் வந்தாச்சு. இன்னும் ரெண்டு. ஏணி பக்கத்துக் கடைல..."

"இன்னாங்க பேசறீங்க? நான் சொல்லிகினு இருக்கேன், நீங்க..."

"வேற இன்னா பண்ண சொல்றே? நாளைக்கு கோயில்ல பேரு வாசிக்கப் போறாங்க. உன் வேலையும் போவணுமா, அவ வேலையும் போவணுமா? ஒரு போர்டு. ஒரே ஒரு நாளைக்கு."

"ஜெராக்ஸ் எவ்ளோண்ணா ஒரு காப்பி?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

கடை வாசலில் சுனிதா. காலையில் ரயிலில் பார்த்த அதே சுடிதார், அதே பை.

"சுனிதா! திங்கட்கிழமைன்னு..."

"திங்கட்கிழமைன்னு சொன்னா சனி ஞாயித்துல போர்டு மாறிடும் அக்கா. எத்தினி போர்டு பாத்திருக்கேன்? சில போர்டுல பெயிண்டே காய்ஞ்சிருக்காது." அவள் கண் பிரிண்டர் பக்கம் போனது. மஞ்சள் தாள். சிவப்பு எழுத்து. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "கோல்டன் ஹோப் டிரேடர்ஸ் எங்க இருக்கு?"

டென்சில் தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமலை முந்திக்கொண்டு ஜெனிட்டா பேசிவிட்டாள்.

"அப்படி ஒண்ணு இல்லீங்க. நான்தான் எழுதினேன். இது எங்க டாடி கடை. ரெண்டு வருஷமா நான் இங்கதான் வேலை பாக்கறேன். இதோ இது காத்தவராயன் அண்ணனோட ஜி.எஸ்.டி. பேங்க் வாசல்ல இருக்கற மெடிக்கலுக்கும் நான்தான் போடறேன். போய்க் கேளுங்க. உக்காருங்க அக்கா."

சுனிதா உட்காரவில்லை. பெல்லாவைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் ஒண்ணுதான் தெரியணும். காலைல உங்ககிட்ட பேசின மேனேஜர் யாரு?"

பத்து வருட வேலை. மாதாமாதம் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிற ஒரே சம்பளம். பெல்லா எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரரு. மொத வார்த்தையிலேயே தெரிஞ்சிடுச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

சுனிதா நீளமாக மூச்சுவிட்டாள்.

"ரெக்கார்டிங்ல பின்னாடி ஒரு பொண்ணு, டாடி ரெண்டு பக்கமும் எடுக்கணுமான்னு கேட்டுச்சு. மேனேஜர டாடின்னு கூப்பிடற கம்பெனிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல அக்கா. நீங்களா சொல்லணும்னுதான் வந்தேன்." அவள் குரலில் சிரிப்பில்லை. "ஆனா என்னால எதையும் அழிக்க முடியாது. அந்தக் கம்பெனி இல்லன்னு எழுதுவேன். இந்தக் கடை இருக்குன்னும், பொண்ணு இங்க வேலை பாக்குதுன்னும் எழுதுவேன். நீங்க கூப்பிட்டதையும் எழுதித்தான் ஆவணும். அப்புறம் உங்க வேலை, பொண்ணு வேலை, ரெண்டும் என் கைல இல்ல."

"அந்தக் கம்பெனிக்காரங்க எப்ப பாப்பாங்க?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ஹோல்டுன்னு மத்தியானமே போயிடுச்சு. திங்கட்கிழமை நீ சேரணுமில்ல? அவசரமா இருந்தா எங்களுக்காகக் காத்திருக்க மாட்டாங்க. அவங்களே நேரா..."

அவள் முடிக்கவில்லை. டென்சிலின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவருடைய வழக்கமான மணி இல்லை. புது சிம் போட்ட சின்ன போன். அந்த நம்பர் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று பெல்லாவின் ஆபீஸ். இன்னொன்று ஜெனிட்டாவை வேலைக்கு எடுத்த கம்பெனி.

டென்சில் போனை வெளியே எடுத்தார். பெங்களூர் நம்பர். பெல்லாவைப் பார்த்தார், சுனிதாவைப் பார்த்தார், பிரிண்டரில் பாதி தொங்கிய 'ஹோப்'பைப் பார்த்தார். மேனேஜராகப் பேசுவதா, அப்பாவாகப் பேசுவதா என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

மணி நிற்கவில்லை.

ஜெனிட்டா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் போனை எடுத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமவில்லை.

"ஹலோ" என்றாள். "டென்சில் ஜெராக்ஸ்."